எங்கள் மேடமும் ஈர மல்லாட்டையும்

மேடத்தின் இரங்கல் கூட்டம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் அவர் படத்துக்குக் கீழே தொழிலதிபர், கல்வியாளர், கொடையாளர் என்று மூன்று பட்டங்களைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அந்த மூன்றையுமே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவரிடம் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் என்று சொல்லி என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்து, ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் முக்கியமான விருந்தினர் ஒருவர் வந்துவிட்டார். மாலை, சால்வை, போட்டோ. எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அதில் பாதி இருமலில் போய்விட்டது.

கீழே இறங்கியதும் கவிதா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மேடத்தின் மில்லில் லேபைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"இன்னா ஸ்டெல்லா மேடம், பாதியிலயே எறங்கிட்டீங்க? புதுசா வந்திருக்கிற பொண்ணுங்களுக்கு அந்தக் கதை தெரியாது. இப்ப டெஸ்ட் பட்டையில ரெண்டு சொட்டு ஊத்தினா பத்து நிமிஷத்துல ரிசல்ட் வந்துடுது. அத நம்பிக்கினு சாம்பிள ஏனோதானோன்னு எடுக்குதுங்க. எழுதியாவது குடுங்க, படிக்கச் சொல்றேன்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். பேனரில் இருந்த மூன்று பட்டங்களும் பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று பேரையும் ஒரே நாளில், ஒரே பெண்ணிடம், சேறு ஒட்டிய செருப்போடு பார்த்தவள் நான்.

என் பெயர் ஸ்டெல்லா. கிளியனூர் பக்கம் சொந்த ஊர். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, ஒரு சர்க்கரை ஆலை லேபில் இரண்டு பருவம் கரும்புச் சாறு பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அரவை முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அப்படி வீட்டில் இருந்த நாளில்தான், திண்டிவனத்தில் மல்லாட்டை மில் ஒன்றுக்கு லேப் உதவியாளர் வேண்டும் என்று எங்கள் கோயில் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தேன். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் யாரும் நிலக்கடலை என்று சொல்ல மாட்டார்கள்.

நேர்காணலில் மேடம் வேதியியல் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மேசைக்கு அருகில் ஒரு மூட்டை மல்லாட்டைப் பருப்பு இருந்தது. அதைக் காட்டி, "இதுல கெட்ட பருப்பு எவ்ளோ?" என்றார்.

"கொஞ்சம் இருக்கும் மேடம்."

"இருக்கும்னா என்ன அர்த்தம்? இருக்கு, இல்ல, தெரியாது. இந்த மூணுல ஒண்ணு சொல்லு."

"தெரியாது மேடம்."

"அப்போ திங்கட்கிழமை வந்துடு" என்றார். அவ்வளவுதான் நேர்காணல்.

அவர் முழுப்பெயர் சு. குமுதவல்லி. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பும் நெல்லும் போடும் குடும்பம். சென்னைக்குப் போய் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, விழுப்புரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். கணவருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் மில் இருந்தது. நான் சேர்வதற்கு நாலு வருடம் முன்னால் அந்தக் கணவருக்கு வாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. மில்லை விற்றுவிடச் சொல்லி இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் சொன்னார்களாம். மேடம் மில்லையும் விற்கவில்லை, கல்லூரியையும் விடவில்லை. காலை பாசஞ்சரில் விழுப்புரம் போவார். சாயங்காலம் ஐந்தரைக்கு மில் வாசலில் இருப்பார். திருத்திய விடைத்தாள் கட்டு ஒரு கையில், சாப்பாட்டு டப்பா ஒரு கையில். இப்படிப் பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்தில்தான் சின்ன உடைப்பு மில், வெளிநாட்டுக்குப் பருப்பு அனுப்பும் கம்பெனியாக ஆனது. வியாபாரிகள் அவரை "டீச்சரம்மா" என்று முதலில் கிண்டலாகச் சொன்னார்கள். பிறகு அதுவே மரியாதைப் பெயராகிவிட்டது.

தர்ம காரியம் தொடங்கிய கதையும் கல்லூரியில்தான் ஆரம்பம். பத்து மணி பிராக்டிகல் வகுப்பில் அடிக்கடி ஒரு பெண் மயங்கி விழுவாளாம். விசாரித்தால் விடியற்காலையில் எழுந்து வீட்டு வேலை முடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் இரண்டு பஸ் பிடித்து வந்திருப்பாள். மேடம் மில்லிலிருந்து மல்லாட்டை உருண்டை பிடித்து ஒரு டின்னில் கொண்டுபோய் ஆய்வகத்து மேசையில் வைத்தார். யாரும் கேட்டு எடுக்க வேண்டாம். வருடம் முழுக்க அந்த டின் காலியாகிக்கொண்டே இருந்தது. மில் நன்றாக நடக்க ஆரம்பித்ததும் அதையே கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் விரிவுபடுத்தினார். பதினெட்டு பள்ளிக்கூடம். செவ்வாய், புதன், வியாழன் என்று வாரத்துக்கு மூன்று நாள், காலை இடைவேளையில் ஒரு பிள்ளைக்கு ஒரு உருண்டை.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். நாம் பேசும்வரை காத்திருப்பார். கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றும். ரிப்போர்ட் கொண்டுபோனால் எண்ணைப் பார்க்க மாட்டார். "சாம்பிள் எப்படி எடுத்த?" என்பதுதான் முதல் கேள்வி. பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து வராது. என் கல்யாணத்துக்கு வந்தார்; வாழ்த்திவிட்டு, "புதன்கிழமை லாட் ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சாம்பிள் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும்.

மல்லாட்டை ஈரத்தோடு மூட்டைக்குள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை ஒரு நஞ்சை விடும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, வறுத்தாலும் போகாது. ஒரு நாள் தின்றால் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் தின்றால் ஈரலைக் கெடுக்கும். இதில் கஷ்டம் என்னவென்றால், ஆயிரம் பருப்பில் ஒன்றில்தான் இருக்கும். அந்த ஒன்று மொத்த லாட்டையும், சேர்த்து அடுக்கிய அத்தனை மூட்டையையும், கெடுக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் அது அகப்படாது.

அதனால் குத்தூசியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போக வேண்டும். குத்தூசி என்பது முனை கூராக, நடுவில் குழிவாக இருக்கும் இரும்புக் கம்பி. மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் பருப்பு அதன் வழியே வரும். மூட்டைக்கு மேல், நடு, அடி என்று மூன்று குத்து. எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலக்கி, தட்டையாகப் பரப்பி, கையால் சிலுவை போட்டு நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகம் இரண்டை எடுத்து, மறுபடி கலக்கி, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு டப்பா அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதை அரைத்து, மருந்தில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் அளவு தெரிந்த நஞ்சுத் துளி ஒன்று. தகட்டை ஓடவிட்டுக் காயவைத்து, இருட்டுப் பெட்டிக்குள் ஊதா விளக்கின் கீழே பார்த்தால், நஞ்சு நீலப் புள்ளியாக மின்னும். அளவுப் புள்ளியைவிட மங்கல் என்றால் பாஸ். பிரகாசம் என்றால் பெயில். எல்லாம் முடிய அரை நாள் ஆகும். ஒவ்வொரு லாட்டிலும் மீதிச் சாம்பிளை டப்பாவில் போட்டு எண் ஒட்டி அலமாரியில் வைத்திருப்போம்.

வெளிநாட்டு லாட்டுக்கு என்ன சோதனையோ, பள்ளிக்கூட லாட்டுக்கும் அதே சோதனை. இது மேடத்தின் கட்டளை.

நான் சேர்ந்து பதினாறாவது வருடம். மேடம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, நாலைந்து வருடமாக முழு நேரமும் மில்லில் இருந்தார். அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. பிடுங்கிய மல்லாட்டையை யாராலும் காயப் போட முடியவில்லை. லேபில் என்னோடு இருந்த இரண்டு பேரில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள், இன்னொருத்திக்கு டைபாய்டு. கப்பலுக்குப் போக வேண்டிய லாட் மூன்று வரிசையில் நின்றன.

வியாழக்கிழமை மேனேஜர் தனசேகர் சார் லேப் வாசலில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. மில்லில் ஒரு நாள்கூட வேலை நிற்கக் கூடாது என்று ஓடிக்கொண்டே இருப்பவர்.

"ஸ்டெல்லா, பள்ளிக்கூட லாட்டுக்கு ஜல்தியா கையெழுத்து போட்டுக் குடும்மா. அங்க பாகு காய்ச்ச அடுப்பு மூட்டிட்டாங்க."

"சாம்பிள்தான் சார் எடுத்திருக்கேன். இன்னும் டெஸ்ட் பண்ணல."

"கப்பல் லாட்ட வுட்டுட்டு இத பண்ணப் போறியா? பருப்பப் பாரு, தங்கமாட்டம் இருக்குது."

நான் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். முகர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பதிவேட்டில் அந்த லாட் எண்ணுக்கு எதிரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

திங்கட்கிழமை கப்பல் லாட் ஒன்று பெயில் ஆனது. குடோனில் பள்ளிக்கூட லாட் எந்த வரிசையில் இருந்ததோ, அதே வரிசைச் சரக்கு. அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்து அரைத்து ஊறவைத்தேன். அந்த நேரமே போய், "நாளைக்கு உருண்டை வண்டியை அனுப்பாதீங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொல்ல வேண்டியிருக்கும். பாஸ் ஆகிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லையே என்று நினைத்தேன். வியாழக்கிழமை செய்தது அவசரத்தில் செய்த தப்பு. திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தது அப்படியில்லை. அதை நான் இன்றுவரை வேறாகத்தான் வைத்திருக்கிறேன்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு உருண்டை வண்டிகள் புறப்பட்டுப் போயின. ஒன்பதரைக்கு நான் இருட்டுப் பெட்டிக்குள் தகட்டை வைத்து விளக்கைப் போட்டேன். அளவுப் புள்ளி பக்கத்தில் இருப்பதே தெரியாத அளவுக்கு எங்கள் புள்ளி மின்னியது.

மேடத்தின் அறைக்கு எப்படி நடந்து போனேன் என்று நினைவில்லை. தனசேகர் சாரும் அங்கே இருந்தார்.

"மேடம், பள்ளிக்கூட லாட் பெயில்."

"எந்த லாட்?"

"இன்னிக்குப் போனது."

"பதிவேட்டுல சரின்னு போட்டிருக்கியே?"

"டெஸ்ட் பண்ணல மேடம். கையால பாத்துட்டுப் போட்டுட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் இந்த முறை மேசைமேல் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இடைவேளை எத்தனை மணிக்கு?"

"பத்தே முக்கால்."

"போன எடுங்க ரெண்டு பேரும்."

பதினெட்டு தலைமை ஆசிரியர்களின் எண்களும் ஒரு நோட்டில் இருந்தன. மூன்று பேரும் ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். "உருண்டையைக் கொடுக்காதீங்க, வண்டி திரும்ப வரும்" என்று மட்டும் சொன்னோம். பத்தேகால் மணிக்குப் பதினேழு பள்ளிக்கூடத்தில் நிறுத்தியாகிவிட்டது. மயிலத்துக்கு மேற்கே ஒரு ஊரில் மட்டும் போன் எடுக்கவில்லை. மழையில் அந்தப் பக்கம் சிக்னலே இல்லை.

மேடம் காரில் ஏறினார். நான் முன்சீட்டில் ஏறினேன். போகும் வழியில் விழுப்புரத்தில் தெரிந்த ஒரு டாக்டரிடம் போனில் பேசினார். பிள்ளைகளின் வயது, உருண்டையின் எடை, நஞ்சு எந்த அளவில் இருக்கக்கூடும் என்று வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு வேளை தின்றதால் ஆபத்து இல்லை, வாந்தி கீந்தி வந்தால் கூட்டிவாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் விரலில் ஒட்டியிருந்த பாகை நக்கிக்கொண்டே எங்கள் காரை வேடிக்கை பார்த்தாள். தலைமை ஆசிரியர் சிரித்தபடி வந்தார். "வாங்க மேடம், சொல்லாம வந்துட்டீங்க! இன்னிக்கு உருண்டை சூப்பர்னு பசங்க சொல்லுதுங்க."

அந்த இடத்தில் ஒருவழியாகச் சிக்னல் கிடைத்து, தனசேகர் சார் போனில் வந்தார். டாக்டர் சொன்னதை மேடம் அவரிடம் சொன்னார். காருக்குள் இருந்த எனக்கும் அவர் குரல் கேட்டது.

"டாக்டரே ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டாருன்னா வுட்டுடுங்க மேடம். சொன்னோம்னா ஊரே பேஜாராயிடும். நாளைக்கு நம்ம சரக்க எவன் வாங்குவான்? எரநூறு குடும்பம் இந்த மில்லுல சாப்புடுதுங்க."

"தெரியாம இருந்தா அவங்க பயப்படாம இருப்பாங்கன்னு சொல்றீங்க."

"ஆமாங்க மேடம்."

"தெரிஞ்சிக்கணுமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும் தனசேகர். நீங்களும் நானும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பெற்றோரைக் கூப்பிடும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டார். அறுவடை நேரம். பெண்கள் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து அப்படியே சேறு படிந்த கையோடு வந்தார்கள். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் ஐம்பது பேராவது இருப்பார்கள். மேடம் நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். பூஞ்சை எப்படி வளர்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது, நஞ்சு என்றால் என்ன என்று போய்க்கொண்டே இருந்தது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பெயர் அஞ்சலை என்று பிறகுதான் எனக்குத் தெரியும்.

"எம்மா, பாடம் நடத்தாத. எம்புள்ளைக்கு எதனா ஆவுமா ஆவாதா? அத்த சொல்லு."

மேடம் பாடத்தை நிறுத்தினார். "ஆவாது. இன்னிக்கு ஒரு நாள் தின்னதால ஒண்ணும் ஆவாது. தெனம் தின்னா ஈரலக் கெடுக்கும்."

"அப்ப இன்னாத்துக்குக் குடுத்த?"

"டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டோம். எங்க தப்பு."

'எங்க' என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னால் அப்படியே நிற்க முடியவில்லை. முன்னால் வந்து, "நான்தான் டெஸ்ட் பண்ணணும். நான்தான் பண்ணாம கையெழுத்து போட்டேன்" என்றேன்.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனுக்குப் புள்ள இருக்குதா?"

"ஒரு பையன்."

"அதுக்கு இந்த உருண்டைய இப்ப குடுப்பியா?"

"மாட்டேன்" என்றேன்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருவர் காரை மறிக்க வேண்டும் என்றார். ஒருவர் போலீசுக்குப் போகலாம் என்றார். பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, "அந்த மல்லாட்டை எந்த ஊருதும்மா?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கத்துதான். மயிலத்துக்கு மேக்கால இருக்கிற நாலு ஊருல வாங்கினது" என்றார் மேடம்.

அது அவர்கள் விற்ற சரக்கேதான். மேடத்தின் குரலில் பழைய பேராசிரியர் திரும்பி வந்தார். "ஈரத்தோட ஏன் மூட்டை கட்டுறீங்க? நல்லா காய வச்சிக் கட்டினா இந்தப் பூஞ்சையே வராது. இத எத்தனை தரம் நோட்டீஸ் அடிச்சிக் குடுத்திருக்கோம்?"

அஞ்சலைக்கு வந்ததே கோபம்.

"எங்க காய வெக்கச் சொல்ற? ஊருக்கு ஒரு களம். ரோட்டுல போட்டா பஸ்ஸுக்காரன் ஏத்திக்கினு போறான். ஊட்டுக்குள்ள போட்டா நாங்க எங்க படுக்கறது? உம் மில்லுல இன்னா பாத்து வாங்குற? எடை. ஈரமா காய்ஞ்சிதான்னு எவன் பாத்தான்? மொதல்ல போறவனுக்கு ஒரு வெலை, நாலு நாள் காய வெச்சி எடுத்துக்கினு போனா, வெலை எறங்கிப்போச்சுன்ற. எடையும் கொறையுது. காய வெச்சவந்தான் ஏமாந்தவன். நோட்டீஸு அடிச்சியாம் நோட்டீஸு!"

"நீ சொல்றது சரி" என்றார் மேடம். இரண்டு கையையும் கூப்பினார். வகுப்பு முடிந்ததும் சொல்லும் வணக்கம் மாதிரி அது இல்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது. யாரும் காரை மறிக்கவில்லை. எங்களுக்கு யாரும் தண்ணீர் தரவும் இல்லை.

திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு வந்தது. அங்கே ரயில்வே கேட்டோ சிக்னலோ எதுவும் இல்லை. ஆனால் மேடம் டிரைவரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். வழியில் போன மழைநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"லேப் கட்டினேன். விளக்கு வாங்கினேன். தகடு வாங்கினேன். வெளிநாட்டுக்காரன் வந்து பாத்துட்டு ஆகா ஓகோன்னான். எடை போடற எடத்துல ஒரு நாள் நின்னு பாக்கல ஸ்டெல்லா."

மறுநாள் காலையில் ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். மேடம் அதை வாங்கிப் படித்தார். இரண்டு எழுத்துப் பிழையைச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். பழக்கம். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். 'சரி' என்று நான் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், "சோதனை செய்யாமல் கையெழுத்திட்டேன்" என்று என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். அதற்குக் கீழே அவர், "ஈரம் பார்க்காமல் கொள்முதல் செய்தேன்" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

"போறதா இருந்தா போ. ஆனா எடை போடற எடத்துல ஈரம் அளக்கிற மீட்டர் வெக்கணும். அதுக்கு ஆள் பழக்கி வுட்டுட்டுப் போ."

பழக்கிவிட்டேன். போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த பருவம் மில்லுக்குக் கெட்ட பருவம். ஈரம் அளந்துதான் வாங்குவோம், காய்ந்த சரக்குக்கு எந்த நாளில் வந்தாலும் அதே விலை என்று மேடம் அறிவித்தார். நாலு ஊரில் சிமெண்ட் களம் போட்டுக் கொடுத்தார். தார்ப்பாய் இரவல் கொடுத்தார். இருந்தும் பாதி விவசாயிகள் ஈரத்தோடே வேறு வியாபாரியிடம் கொண்டுபோய்ப் போட்டார்கள். மில்லில் ஒரு ஷிப்டு நின்றது. தனசேகர் சார் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "நல்ல மனுஷிம்மா. ஆனா வியாபாரத்த வகுப்பாக்கிட்டாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கணவருடைய உறவுக்காரர்கள் மறுபடி மில்லை விற்கச் சொல்லி வந்து உட்கார்ந்தார்கள். காய்ந்த சரக்கு வந்து வரிசை கட்ட இரண்டு வருடம் பிடித்தது.

உருண்டைத் திட்டத்தை ஏழு மாதம் நிறுத்தியிருந்தோம். மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்க மேடம் அந்த வேப்ப மரத்தடிக்கே போனார். நானும் போனேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். தங்களில் ஒருத்தி மில்லில் இருந்து பார்க்க வேண்டும். யார் என்று கேட்டபோது எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள்.

அஞ்சலை ஏழாவது வரை படித்தவள். தினமும் மயிலத்தில் பஸ் ஏறி வருவாள். முதல் வாரம் என் பக்கத்தில் நின்று, நான் குத்துகிற ஒவ்வொரு குத்தையும் எண்ணினாள். இரண்டாவது வாரம், "நேத்து அடியில குத்தல நீ, மேலயும் நடுவுலயும்தான் குத்தின" என்றாள். உண்மைதான். ஒரு மூட்டையில் விட்டிருந்தேன். மூன்று மாதத்தில் எடை மேடையில் மீட்டரை அவளே பார்க்க ஆரம்பித்தாள். காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தே ஈரம் சொல்வாள். பிறகுதான் மீட்டரில் போடுவாள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். திருப்பி அனுப்புகிற வண்டிகளுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தாள். வண்டி எண், ஈரம், சரக்குக்காரர் பெயர். கோணல் கோணலான எழுத்து. ஆனால் ஒரு வரிகூட விட்டுப்போகாது.

அடுத்த வருடம் தை மாதத்தில் ஒரு நாள் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு லாரி வந்தது. பெண்ணையாற்று ஓரம் மேடத்தின் பங்கு நிலத்தில் விளைந்த மல்லாட்டை. பயிர் செய்தவர் மேடத்தின் தம்பி பாலு. அவரே லாரியில் வந்திருந்தார். அஞ்சலை காயை ஆட்டினாள். மீட்டரில் போட்டாள். இன்னொரு மூட்டையில் எடுத்து மறுபடி போட்டாள்.

"ஈரமா இருக்குது. எடுத்துக்க முடியாதுங்க."

பாலு சிரித்தார். "யாரு வண்டின்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் ரெண்டு தபா பாத்தேன்."

அவர் முகம் மாறியது. "உன்ன வேலைக்கு வெச்சதே எங்க அக்காதான். ஒழுங்கா எறக்கிக்க. அங்கயிருந்து டீசல் போட்டு வந்திருக்கோம்!" என்று சத்தம் போட்டார். லோடுமேன்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். நான் லேபிலிருந்து ஓடி வந்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அஞ்சலைக்காகவா மேடத்துக்காகவா என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு மேடம் வெளியே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக மூட்டைக்குள் கையைவிட்டு ஒரு காயை எடுத்தார். காதருகே ஆட்டினார். உடைத்து ஒரு பருப்பைக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார்.

"வண்டியத் திருப்பு பாலு" என்றார்.

"அக்கா!"

"காய வச்சி எடுத்துக்கினு வா. அதே வெலை."

பாலு லாரிக் கதவை அறைந்து சாத்தினார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அக்காவிடம் பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூடத் தபாலில்தான் வந்தது. அதெல்லாம் பிறகு நடந்தது. அப்போது டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மேடம் தன் அறைக்குத் திரும்ப இரண்டு அடி வைத்துவிட்டார்.

"மேடம்" என்று கூப்பிட்டாள் அஞ்சலை. நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றாள். "சரக்குக்காரரு பேரு எழுதணுமே. தம்பி பேரா, உங்க பேரா?"

"நிலம் யாருது?"

"உங்குளுதுதான்."

"அப்ப என் பேர எழுது. சு. குமுதவல்லி."

அஞ்சலை குனிந்து எழுத ஆரம்பித்தாள். 'கு', 'மு' எழுதி, 'த' எழுதி, 'வ'வில் நின்றாள். "லி ஒண்ணா ரெண்டாங்க?"

மேடம் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றார். "மொதல்ல புள்ளி வெச்ச ல். அப்புறம் லி" என்று சொல்லி, கடைசி எழுத்து வரும்வரை நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.